புகைத்தவர் ஒருவர், தண்டம் மூவருக்கு: விடுதி அறையில் நான் பட்ட பாடு

சிகரெட்டை நான் ஒருநாளும் உதட்டில் வைத்ததில்லை. ஆனாலும் நான் முதுகலை படித்த பல்கலைக்கழகத்தின் விடுதிப் பதிவேட்டில், 'அறைக்குள் புகைத்தல்' என்ற குற்றத்துக்கு நேரே என் பெயர் ஏறியது. அதை நீக்க வைப்பதற்குள் ஒரு பருவம் முழுவதும் கரைந்தது. கைப்பணம் பதினேழாயிரத்துக்கு மேல் போனது. அதைவிட, ஊரில் தலை நிமிர்ந்து நடக்கவே பல வாரங்கள் பிடித்தன. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கமிருந்தும், தெற்கே களியக்காவிளை, செங்கோட்டைப் பக்கமிருந்தும் கேரளத்துப் பல்கலைக்கழகங்களுக்குப் போகிற நம் பிள்ளைகள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். எனக்கு முன்னால் போனவர்கள் யாராவது இதைச் சொல்லியிருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன். பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம். பாலக்காட்டுக்கு மேற்கே, கணவாய்க் காற்று எட்டுகிற தூரத்தில் இருக்கிறது, அது போதும்.

விடுதியில் சேர்ந்த அன்று அப்பா கூட வந்திருந்தார். தென்னந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்துப் பார்க்கிறவர். மலையாளம் சரளமாகப் பேசுவார், ஆனால் வாசிக்கத் தெரிந்தது தமிழ் மட்டும்தான். எங்கள் பக்கம் அவர் வயதுக்காரர்கள் பலரும் அப்படித்தான். ஹாஸ்டல் ஆபீஸில் ஒரு கட்டு உறுதிமொழிப் படிவம் கொடுத்தார்கள், ஆங்கிலத்திலும் மலையாளத்திலும். பின்னால் வரிசை வராந்தாவரை நீண்டிருந்தது. கிளார்க் பக்கங்களைப் புரட்டி "இவிடே, இவிடே" என்று விரல் வைத்துக் காட்டிய இடத்திலெல்லாம் அப்பாவும் நானும் கையெழுத்துப் போட்டோம். அந்தப் படிவத்தின் நடுவில் இருந்த ஒரு விதிதான் பின்னால் என் கழுத்தைப் பிடித்தது. அறையில் புகையிலைப் பொருளோ மதுவோ போதைப்பொருளோ கிடைத்து, அது யாருடையது என்று தெரியாமல் போனால், அறையில் தங்கியிருக்கும் அனைவரும் கூட்டாகப் பொறுப்பு என்று அது சொன்னது. 'தெரியாமல் போனால்' என்ற பகுதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் வழக்கே பிற்பாடு அதில்தான் நின்றது.

புதிதாகச் சேர்கிறவர்களுக்கும் பெற்றோருக்கும் முதலில் சொல்ல வேண்டியது இதுதான். விடுதி விதிகளைச் சேரும் நாளுக்கு முன்பே பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் எடுத்து, மலையாளமோ ஆங்கிலமோ நன்றாகத் தெரிந்த ஒருவரோடு உட்கார்ந்து வாசித்துவிடுங்கள். முழுவதும் வாசிக்கப் பொறுமை இல்லையென்றால் கூட்டுப் பொறுப்பு பற்றிய விதி, அபராதத் தொகை, தண்டனை கொடுப்பதற்கு முன் மாணவரிடம் விளக்கம் கேட்பார்களா என்பது, இவற்றையாவது தேடிப் பாருங்கள். கையெழுத்துப் போட்ட படிவத்தின் நகலைக் கேளுங்கள். தயங்கினால், போட்ட கையோடு செல்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அறைச் சாவி கைக்கு வந்ததும் சுவர், ஜன்னல் திட்டு, மேசை, மெத்தை எல்லாவற்றையும் படமெடுத்து அன்று மாலையே வார்டனின் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடுங்கள். எங்கள் அறை ஜன்னல் திட்டில் சிகரெட் நெருப்புப் பட்ட கருப்புப் புள்ளிகள் நாங்கள் போகும்போதே இருந்தன. அவற்றுக்கும் எங்களிடம்தான் பணம் பிடித்தார்கள்.

அறையில் மூன்று பேர். ஒருவர் எனக்கு ஓராண்டு மூத்தவர், வடக்கே மலபாரிலிருந்து வந்தவர். நாங்கள் சேட்டன் என்றே கூப்பிடுவோம். இன்னொருவன் கொல்லத்துக்காரன், என் வகுப்பு. சேட்டன் நல்ல மனிதர் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். முதல் மாதம் பாடம் புரியாமல் நான் தவித்தபோது இரவெல்லாம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். ஆனால் இரவு உணவு முடிந்ததும் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒன்று, படுக்கப் போகுமுன் ஒன்று, கல்லூரி ஆசிரியர் பணிக்கான நெட் தகுதித் தேர்வுக்குப் படிக்கும் நாட்களில் கணக்கே இல்லை. "வெளியேதானே விடுகிறேன் மோனே" என்பார். அவர் மனதார நம்பித்தான் சொன்னார். ஆனி ஆடியில் அது ஓரளவு உண்மையாகவும் இருந்தது.

கார்த்திகை பிறந்தால் கதை மாறிவிடும். பாலக்காட்டுக் கணவாய் மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிற வாசல். கிழக்கே தமிழ்நாட்டுச் சமவெளியிலிருந்து கிளம்பும் வறண்ட காற்று அதன் வழியாக மாசிவரை ஓயாமல் அடிக்கும். எங்கள் ஜன்னல் கிழக்குப் பார்த்தது. சேட்டன் கம்பிக்கு வெளியே முகத்தை வைத்து ஊதுவார். நீலம் பாய்ந்த அந்தப் புகை ஒரு முழம் வெளியே போகும், அங்கே தயங்கும், பிறகு கம்பிகளுக்கு நடுவே மடங்கித் திரும்பி உள்ளே வந்து என் கொசுவலையின் மேல் படியும். விளக்கு வெளிச்சத்தில் அதைக் கண்ணால் பார்க்கலாம். தலையணை, போர்வை, துவைத்துக் காயப்போட்ட சட்டை எல்லாவற்றிலும் அந்த வாடை. ஜன்னலைத் திறந்துவைத்தால் புகை போய்விடும் என்று யாராவது சொன்னால், காற்று எந்தத் திசையிலிருந்து அடிக்கிறது என்று கேளுங்கள்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே இளைப்பு உண்டு. பத்தாம் வகுப்புக்குப் பிறகு அநேகமாக மறைந்தே போயிருந்தது. அந்த மார்கழியில் திரும்பி வந்தது. நள்ளிரவில் எழுந்து உட்கார்ந்து மூச்சை இழுத்து இழுத்து விடுவேன். வராந்தாவில் போய் நின்றால் பனிக்காற்றில் இன்னும் மோசமாகும். பாலக்காட்டில் மருத்துவரிடம் போனேன். மூச்சுத் திணறும்போது அடிக்கிற சால்பியூட்டமால் இன்ஹேலர் வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் தேவைப்பட்டால் ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை என்று பொருள், தினமும் எடுக்கும் தடுப்பு மருந்து வேண்டும் என்றார். கூடவே, "அறையில் யாராவது புகைக்கிறார்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றதும் சீட்டிலேயே 'புகைக்கு உட்படுவதைத் தவிர்க்க வேண்டும்' என்று எழுதித் தேதி போட்டுக் கொடுத்தார். மருத்துவச் செலவு மட்டும் அந்தப் பருவத்தில் நாலாயிரத்தைத் தொட்டது. ஆனால் அந்த ஒரு வரிதான் பிறகு எனக்குக் கிடைத்த முதல் ஆதாரம். உங்களுக்கு இளைப்போ ஒவ்வாமையோ இருந்தால், சேரும்போதே மருத்துவச் சான்றை விடுதி அலுவலகத்தில் கொடுத்து, புகைக்காதவர்களோடு அறை கேளுங்கள். நோய் வந்தபின் கேட்பதைவிட அது எளிது.

அந்தச் சீட்டைக் காட்டி வார்டன் சாரிடம் வேறு அறை கேட்டேன். "பார்க்கலாம், அடுத்த பருவத்தில் காலியாகும்" என்றார். மறுபடியும் கேட்டேன். உதவி வார்டனிடம் போகச் சொன்னார். அவர் மேட்ரனிடம் போகச் சொன்னார். எல்லாம் வாய்ப்பேச்சு. யாரும் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. நான் கேட்டதற்கு அந்தக் கட்டடத்தில் சாட்சியே இல்லை.

இந்த இடத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது தெரியாமல்தான் நான் நடையாய் நடந்தேன். பொது இடத்தில் புகைப்பதைக் கேரள உயர் நீதிமன்றம் 1999 ஜூலை மாதமே தடை செய்தது. மற்றவர் விடும் புகையைக் கட்டாயமாகச் சுவாசிக்க வைப்பது அரசமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழும் உரிமைக்கு எதிரானது என்பது அந்தத் தீர்ப்பின் அடிப்படை. 2001இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் அதுபோல உத்தரவிட்டது. பிறகு 2003இல் புகையிலைப் பொருட்கள் சட்டம் வந்தது. அதன் 4ஆவது பிரிவு பொது இடங்களில் புகைப்பதைத் தடுக்கிறது, கல்வி நிறுவனங்களும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. 6ஆவது பிரிவு, கல்வி நிறுவனத்திலிருந்து 100 கெஜத்துக்குள், அதாவது ஏறக்குறைய 91 மீட்டருக்குள், சிகரெட் விற்பதைத் தடுக்கிறது. 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, வாசலிலும் ஒவ்வொரு மாடியிலும் 60க்கு 30 சென்டிமீட்டர் அளவில் புகைக்கத் தடை என்ற அறிவிப்புப் பலகை இருக்க வேண்டும். யாரிடம் புகார் கொடுக்கலாம் என்ற பெயரும் தெரியும்படி எழுதியிருக்க வேண்டும். புகார் வந்தும் பொறுப்பாளர் நடவடிக்கை எடுக்காவிட்டால் அபராதம் அவர் தலையிலும் விழும். எங்கள் விடுதி வாசலில் பலகை இருந்தது. பெயர் எழுத வேண்டிய இடத்தில் வெறும் புள்ளிக்கோடு மட்டும் இருந்தது. உங்கள் விடுதிப் பலகையில் அந்த இடத்தை முதல் நாளே பாருங்கள். பெயர் இல்லையென்றால் யார் பொறுப்பு என்று எழுதிக் கேளுங்கள்.

தை மாதம் ஓர் இரவு திடீர்ச் சோதனை வந்தது. நான் நூலகத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். கொல்லத்துக்காரன் ஊருக்குப் போயிருந்தான். நான் படியேறும்போது அறைக் கதவு திறந்து கிடந்தது, உள்ளே வார்டன், இரண்டு ஆசிரியர்கள், காவலாளி. ஜன்னலுக்கு வெளியே சன்ஷேடில் வைத்திருந்த ஒரு ஊறுகாய் பாட்டிலைக் காவலாளி கையில் பிடித்திருந்தார். பாதிக்குத் தண்ணீர், அதில் ஊறி உப்பிப்போன சிகரெட் துண்டுகள், தண்ணீர் கட்டன் சாயா நிறத்தில். மூடியைத் திறந்ததும் காவலாளியே முகத்தைத் திருப்பிக்கொண்டார். சேட்டன் ஒளிக்கவில்லை. "சார், இது என்னுடையது, இவர்களுக்குச் சம்பந்தமில்லை" என்று என் காதுபட மலையாளத்தில் சொன்னார். வார்டன் தலையாட்டினார். மூவர் பெயரையும் எழுதிக்கொண்டு போனார்.

இரண்டொரு நாளில் நோட்டீஸ் ஒட்டினார்கள். ஆளுக்கு 3,000 ரூபாய் அபராதம், சுவருக்கு வண்ணம் பூசும் செலவில் பங்காக, சேரும்போது கட்டிய காஷன் டெபாசிட் என்ற பிணைத்தொகையிலிருந்து 2,500 ரூபாய், இரண்டு வாரம் விடுதியிலிருந்து நீக்கம், பெற்றோருக்குக் கடிதம். 'புகைத்தது யார் என்று உறுதி செய்ய முடியாத நிலையில்' என்று அதில் எழுதியிருந்ததை வாசித்தபோது எனக்கு உடம்பு நடுங்கியது. ஒருவர் தன் வாயால் ஒப்புக்கொண்டதைக் கேட்டுக்கொண்டு நின்றவர் கையெழுத்துப் போட்ட நோட்டீஸ் அது. நான் அங்கேயே சத்தம் போட்டிருப்பேன். மூச்சு வரவில்லை.

அப்பாவுக்குக் கடிதம் போய்ச் சேருமுன் நானே வீட்டுக்குப் போனேன். தோப்பில் தேங்காய் எண்ணிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீ பிடித்தாயா இல்லையா, அதை மட்டும் சொல்லு சாமி" என்றார். இல்லை என்றேன். "அப்படியென்றால் பணத்தைக் கட்டிவிடாதே, கேள்" என்றார். அவர் என்னை நம்பியதை நான் வாழ்நாளெல்லாம் மறக்க மாட்டேன். ஆனால் ஊர் அப்படி இல்லை. பாதிப் பருவத்தில் பையோடு வந்து நின்றவனைப் பார்த்து டீக்கடையில் பேச்சு வேறுவிதமாகப் போனது. கேரளத்தில் விடுதியை விட்டு அனுப்பினார்கள் என்றாலே எல்லோரும் கஞ்சா என்றுதான் நினைக்கிறார்கள். அம்மா இரண்டு நாள் கோயிலுக்குப் போகவில்லை. அந்த இரண்டு வாரமும் உள்தேர்வு நடந்தது. விடியுமுன் பஸ் பிடித்துப் பாலக்காட்டில் இறங்கி வேறு பஸ் மாறிப் போவேன், தேர்வு நாட்களில் லாட்ஜில் தங்குவேன். பஸ்ஸும் லாட்ஜும் வெளிச் சாப்பாடுமாக ஆறாயிரம் போனது. விடுதியில் இல்லாத நாட்களுக்கும் மெஸ் பணம் 1,800 ரூபாய் பிடித்தார்கள்.

அபராதத்தை நான் உடனே கட்டவில்லை. கட்டாவிட்டால் தேர்வு நுழைவுச்சீட்டு கிடைக்காது என்றதும், 'மறுப்புத் தெரிவித்துக் கட்டுகிறேன்' என்று ஒரு கடிதத்தோடு கட்டினேன். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் சித்தூர் நீதிமன்றத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்ற எங்கள் உறவுக்காரப் பெரியப்பா. அப்படி எழுதாமல் கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் பேசுவார்கள் என்றார். அவர் காட்டிய இன்னொரு விஷயம் என் கண்ணைத் திறந்தது. சட்டப்படி பொது இடத்தில் புகைத்தவருக்கு அதிகபட்ச அபராதம் 200 ரூபாய், அதுவும் புகைத்தவருக்கு மட்டும்தான், பக்கத்தில் படுத்திருந்தவருக்கு இல்லை. கல்வி நிறுவனத்தில் அதை வசூலிக்கும் அதிகாரம் துணைவேந்தர், முதல்வர் போன்றவர்களுக்கு உண்டு. விடுதி போட்ட மூவாயிரம் அந்தச் சட்டத்தின் கீழ் வருவதல்ல, நாங்கள் கையெழுத்துப் போட்ட படிவத்தின் கீழ் வருவது. அதனால் வாதாட வேண்டியதும் அந்தப் படிவத்தை வைத்துத்தான். யாருடையது என்று தெரியாமல் போனால்தான் கூட்டுப் பொறுப்பு. இங்கே தெரிந்திருக்கிறது. அதை எழுத்தில் கொண்டுவந்தால் போதும்.

எழுத்தில் கொண்டுவரத்தான் படாத பாடு பட்டேன். சேட்டனிடம் கடிதம் கேட்டேன். அவர் முகம் வெளிறிப்போனது. எழுதிக் கொடுத்தால் நன்னடத்தைச் சான்றில் கறை விழும், உதவித்தொகை போய்விடும் என்று பயந்தார். சில வாரங்கள் என் கண்ணில் படாமலே நடந்தார். எனக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கடைசியில் ஒரு மாலை அவராகவே வந்து, கையால் எழுதிய ஒரு பக்கத்தை நீட்டினார். புகைத்தது தான் மட்டுமே, மற்ற இருவரும் வேண்டாமென்று பலமுறை சொன்னார்கள், சோதனை நாளிலும் இதையே சொன்னேன் என்று எழுதியிருந்தார். அதைத் தர அவருக்கு எவ்வளவு துணிவு வேண்டியிருந்தது என்று எனக்குத் தெரியும். கோபமும் நன்றியும் சேர்ந்து வந்து நான் ஒன்றும் பேசவில்லை.

பல்கலைக்கழக மானியக் குழு 2023இல் கொண்டுவந்த மாணவர் குறைதீர்ப்பு விதிகள் இருக்கின்றன. அவற்றின்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் மாணவர் குறைதீர்க்கும் குழு இருக்க வேண்டும். புகார் வந்து 15 வேலைநாட்களுக்குள் அது அறிக்கை தர வேண்டும். முடிவில் திருப்தி இல்லையென்றால் 15 நாட்களுக்குள் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். இப்படி ஒரு குழு இருப்பதை விடுதியில் யாருமே எனக்குச் சொல்லவில்லை. நான் ஒரே பக்கத்தில் மனு எழுதினேன். தேதிவாரியாக நடந்தது, மருத்துவர் சீட்டு, படிவத்தின் அந்த விதி, சேட்டனின் கடிதம், கேட்பது என்ன, அவ்வளவுதான். அழுகையையும் ஆத்திரத்தையும் எடுத்துவிட்டு எழுதச் சொன்னார் பெரியப்பா, அது சரியான யோசனை. தபால் பிரிவில் கொடுத்து நகலில் முத்திரையும் வரவு எண்ணும் வாங்கினேன். முத்திரை இல்லாத மனுவைக் கொடுக்காத மனுவாகவே எண்ணிக்கொள்ளுங்கள். அதே நாளில் மின்னஞ்சலும் அனுப்பினேன்.

வண்ணம் பூசும் பணத்துக்கு வேறு வழி பிடித்தேன். அரசுப் பல்கலைக்கழகம் தகவல் உரிமைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. 10 ரூபாய் கட்டணத்தில், எங்கள் மாடியில் அந்த ஆண்டு வண்ணம் பூசியதற்கான ரசீது நகலைக் கேட்டேன். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். கெடு முடிகிற சமயத்தில் வந்தது. அந்த மாடியில் அப்படி ஒரு வேலையே நடக்கவில்லை. அடுத்த வாரமே 2,500 ரூபாயை டெபாசிட்டில் திரும்பச் சேர்த்துவிட்டோம் என்று விடுதி அலுவலகத்திலிருந்து அழைத்துச் சொன்னார்கள்.

குழு எங்களை நேரில் அழைத்துக் கேட்டது. வார்டன் சார் சேட்டன் சொன்னதை மறுக்கவில்லை. "எல்லோரையும் சேர்த்துப் போட்டால்தான் பயம் வரும்" என்றார். எனக்கு இன்றும் அந்த வாக்கியத்தை ஏற்க முடியவில்லை. எல்லோரையும் சேர்த்துப் போட்டால் வருவது பயம் அல்ல, அடுத்த முறை யாரும் புகார் கொடுக்க மாட்டார்கள், அவ்வளவுதான். அறையில் புகை இருக்கிறது என்று சொன்னவனுக்கும் அதே தண்டனை என்றால் எவன் வாயைத் திறப்பான்? குழு என் பெயரையும் கொல்லத்துக்காரன் பெயரையும் பதிவேட்டிலிருந்து நீக்கச் சொன்னது, அபராதத்தைத் திருப்பித் தரச் சொன்னது. சேட்டனுக்கு எச்சரிக்கையோடு அபராதம் மட்டும். அவர் உதவித்தொகை போகவில்லை.

சேட்டனைப் பற்றி இன்னொன்று. புகைப்பழக்கம் உள்ளவர்களைத் திட்டி ஒன்றும் ஆகாது, நான் திட்டிப் பார்த்தவன். சிகரெட் பெட்டியிலேயே அச்சடித்திருக்கும் 1800-11-2356 என்ற இலவச எண்ணுக்கு அவர் பேசியதும், அங்கே நாள் குறித்து விடச் சொல்லி, பிறகு அவர்களாகவே அழைத்து விசாரித்ததும் எனக்குத் தெரியும். முழுதாக இன்னும் விடவில்லை, வெகுவாகக் குறைத்திருக்கிறார். உங்கள் அறைத்தோழர் பிடிக்கிறவர் என்றால் சண்டைக்கு முன் அந்த எண்ணைக் கொடுங்கள். சிகரெட்டுக்குப் பதில் வாடை வராத மின் சிகரெட் என்று யாராவது அறைக்குள் கொண்டுவந்தால் மட்டும் ஒருநாளும் சம்மதிக்காதீர்கள். 2019ஆம் ஆண்டுச் சட்டம் அதன் விற்பனை, இறக்குமதி, இருப்பு வைத்தல் எல்லாவற்றையும் தடை செய்திருக்கிறது. முதல் முறை விற்றுப் பிடிபட்டாலே ஓராண்டுவரை சிறையோ ஒரு லட்சம்வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். சோதனையில் அது கிடைத்தால் விஷயம் வார்டனோடு நிற்காது.

படிப்பு முடிந்து அறையைக் காலி செய்யும்போது பாக்கியில்லை என்ற சான்றோடு, ஒழுங்கு நடவடிக்கை எதுவும் நிலுவையில் இல்லை என்றும் எழுதி வாங்கினேன். வேலைக்கு விண்ணப்பித்த இடத்தில் அதைத்தான் முதலில் கேட்டார்கள். அபராதம் வங்கிக் கணக்குக்குத் திரும்பி வர மூன்று மாதத்துக்கு மேல் ஆனது. பஸ், லாட்ஜ், மருந்துச் செலவெல்லாம் போனது போனதுதான். மெஸ் பணம் 1,800 ரூபாய் மட்டும் இன்னும் வரவில்லை. அதற்கும் தனி மனு கொடுத்து வரவு எண் வாங்கி வைத்திருக்கிறேன், அடுத்த வாரம் பாலக்காட்டுப் பக்கம் போகும்போது நேரில் கேட்கப் போகிறேன்.